எந்த வாரத்துக் காற்று? பாஸ்டன் கருக்கால மாசு ஆய்வு: ஒரு புள்ளியியல் அலசல்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ‘ஆக்சஸ்’ என்பது அதன் சுருக்கப் பெயர்; சேர்க்கை 2002-ல் தொடங்கியது. நிறைமாதத்தில் பிறந்த 267 குழந்தைகளை ஏறத்தாழ ஆறரை வயதில் சோதித்து, அவர்கள் வயிற்றில் இருந்த ஒவ்வொரு வாரத்திலும் தாய் வசித்த இடத்தின் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான குறுக்களவுள்ள) நுண்துகள் அளவோடு ஒப்பிட்ட கட்டுரை 2016-ல் ‘என்விரான்மென்ட் இன்டர்நேஷனல்’ இதழில் வந்தது.

அதன் முடிவுகள்: கர்ப்பத்தின் 31 முதல் 38 வாரம் வரை நுண்துகள் கூடுதலாக இருந்த ஆண் குழந்தைகளுக்கு ஐ.க்யூ. குறைவு. 20 முதல் 26 வாரம் வரை கூடுதலாக இருந்தால் கவனச் சோதனையில் தவறவிடுதல் அதிகம். 32 முதல் 36 வரை என்றால் எதிர்வினை மந்தம். பெண் குழந்தைகளில் 18 முதல் 26 வாரம் காட்சி நினைவோடும், 12 முதல் 20 வாரம் பொது நினைவோடும் தொடர்பு காட்டின.

கருவியல் பாடநூலின் அட்டவணை போல அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. இந்த வார எண்களில் கருவின் வளர்ச்சி எவ்வளவு, நாட்காட்டி எவ்வளவு, மாடலைக் கட்டியவரின் தேர்வு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை. பாஸ்டன் குழு பயன்படுத்திய முறை அந்தக் காலத்துக்கு மிக முன்னேறியது. அதனால்தான் இதை எடுத்துக்கொள்கிறோம். மோசமான ஆய்வை அலசிக் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

அளந்தவை

தாய்மார்களில் பெரும்பாலோர் ஹிஸ்பானிக் அல்லது கறுப்பினத்தவர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் படிக்காதவர்கள். மாசும் வறுமையும் ஒரே தெருவில் குடியிருக்கும் நகரத்தில் இது முக்கியமான செய்தி. எல்லோரும் ஏறக்குறைய ஒரே பொருளாதார நிலையில் இருந்தால், பணக்காரர்–ஏழை வேறுபாடு மாசின் விளைவாக வேடம் போடும் வாய்ப்பு குறையும். தாயின் வயது, கல்வி, இனம், புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் கணக்கில் சரிக்கட்டியிருந்தார்கள்.

குழந்தைகளுக்கு மூன்று சோதனைகள். வெக்ஸ்லர் சிறார் அளவுகோலின் நான்காம் பதிப்பு ஐ.க்யூ.வைத் தருகிறது, அதன் சராசரி 100, திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய பரவலின் அளவு) 15. கானர்ஸ் தொடர் கவனச் சோதனையின் இரண்டாம் பதிப்பில், திரையில் வரும் எழுத்துகளில் ‘எக்ஸ்’ தவிர எது வந்தாலும் குழந்தை பொத்தானை அழுத்த வேண்டும். 360 எழுத்துகள், 14 நிமிடம். அழுத்த வேண்டியதை விட்டது, அழுத்தக் கூடாததை அழுத்தியது, எதிர்வினை நேரம், அந்த நேரத்தின் ஏற்ற இறக்கம் என நான்கு அளவுகள் கிடைக்கும். மூன்றாவது நினைவாற்றல் சோதனை: பொது, சொல், காட்சி, கவனக்குவிப்பு என்று மேலும் நான்கு. ஆக ஒன்பது விளைவுகள். இந்த ஒன்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாசு அளவு, தாயின் கழுத்தில் மாட்டிய கருவியிலிருந்து வந்ததல்ல. நாசாவின் ‘மோடிஸ்’ செயற்கைக்கோள் கருவி, வளிமண்டலத் தூசி ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதை நாள்தோறும் பதிவு செய்கிறது. அதைத் தரையில் உள்ள கண்காணிப்பு நிலையங்களின் அளவோடு நாளுக்கு நாள் பொருத்தி, சாலை நெருக்கம், நிலப் பயன்பாடு, வானிலை ஆகியவற்றைச் சேர்த்து, நிலையமே இல்லாத இடத்துக்கும் மதிப்பீடு தரும் மாடல் அது. பாஸ்டன் அடங்கிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்துக்கான முதல் வடிவம் 10 கிலோமீட்டர் கட்டங்களில் வேலை செய்தது. பின்னால் 1 கிலோமீட்டர் வரை இறங்கியது.

இந்த மாதிரி மதிப்பீட்டில் நாளுக்கு நாள் மாறும் வேறுபாடு நன்றாகப் பிடிபடும். அடுத்தடுத்த தெருக்களுக்கு இடையிலான வேறுபாடு அவ்வளவாகப் பிடிபடாது. ஒரே நகரத்தில் இரண்டு தாய்மார்களின் பிஎம் 2.5 வேறுபடுவது பெரும்பாலும் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதால் அல்ல, எப்போது கர்ப்பமாக இருந்தார்கள் என்பதால். இங்கேதான் நாட்காட்டி உள்ளே நுழைகிறது.

வாரங்களை எண்ணுவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மகப்பேறு மருத்துவத்தில் கர்ப்ப வாரம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படும். கருவியல் நூல்கள் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணும். இரண்டுக்கும் இடையே இரண்டு வாரம். மூளையின் இன்ன பகுதி இன்ன வாரத்தில் உருவாகிறது என்று கருவியல் நூலைக் காட்டி, மகப்பேறு வாரத்தில் கிடைத்த முடிவை விளக்கும்போது அந்த இரண்டு வாரத்தை மறந்துவிடுவது சர்வ சாதாரணம். முதல் மும்மாத ஸ்கேன் இல்லாமல் தாயின் நினைவை மட்டும் நம்பினால் தேதிப் பிழை இன்னும் கூடும். ஆறேழு வாரமே நீளும் ஒரு பாதிப்புக்காலத்துக்கு (மாசு கருவைப் பாதிப்பதாகக் கருதும் வாரங்களுக்கு) இது சின்னப் பிழை இல்லை.

மும்மாதச் சராசரி ஏன் ஏமாற்றுகிறது

இந்தத் துறையில் நெடுநாளாக இருந்த வழக்கம்: முதல், இரண்டாம், மூன்றாம் மும்மாதத்துக்குத் தனித்தனியே சராசரி மாசு அளவைக் கணக்கிடு, ஒவ்வொன்றையும் தனி மாடலில் போடு, எதில் பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வருகிறதோ அதுவே பாதிப்புக்காலம். இது தவறான பதிலைத் தரும் என்பதை ஆண்டர் வில்சன், பிரென்ட் கௌல் ஆகியோர் அடங்கிய குழு 2017-ல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் எபிடெமியாலஜி’யில் உருவகக் கணக்குகளால் காட்டியது. ஏன் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஓர் ஊரில் மாசு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது என்று வையுங்கள். டெல்லியின் குளிர்கால உச்சம் போல. சுழற்சி 52 வாரம். 1–13 வாரம் முதல் மும்மாதம், அதன் நடுப்புள்ளி 7ஆம் வாரம். 27–39 மூன்றாம் மும்மாதம், நடுப்புள்ளி 33. இடைவெளி 26 வாரம், அதாவது சரியாக அரை ஆண்டு. ஆகவே ஒரு பெண்ணின் முதல் மும்மாதம் உச்சத்தில் விழுந்தால் மூன்றாவது பள்ளத்தில் விழும். பருவகாலம் தவிர வேறு எதுவும் மாசை மாற்றாத ஊரில், இந்த இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து அல்லது எதிரெதிராக மாறுகின்றன என்பதை +1 முதல் –1 வரை சொல்லும் எண்) –1. நடைமுறையில் மும்மாதச் சராசரிகளின் வேறுபாட்டில் 60 விழுக்காடு பருவகாலத்தால், மீதி மும்மாதத்துக்கு மும்மாதம் தொடர்பில்லாத மற்ற காரணங்களால் என்றால் ஒட்டுறவு –0.6 அளவில் நிற்கும்.

இப்போது உண்மையான தீங்கு மூன்றாம் மும்மாதத்தில் மட்டும் இருக்கிறது, ஓர் அலகு மாசுக்கு 1 புள்ளி குறைவு என்போம். முதல் மும்மாதத்தை மட்டும் மாடலில் போட்டால் கிடைக்கும் கெழு, அதாவது ஓர் அலகு மாசுக்கு மதிப்பெண் மாறும் அளவு, (–0.6) × (–1) = +0.6. கர்ப்பத்தின் தொடக்கத்தில் புகையைச் சுவாசித்தால் குழந்தை புத்திசாலியாகும் என்று கணினி சொல்லும். குழந்தைகள் எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால் பி மதிப்பும் சிறியதாகவே இருக்கும். இந்தத் துறைக் கட்டுரைகளில் அவ்வப்போது தலைகாட்டும் ‘பாதுகாக்கும் மாசு’ முடிவுகளில் எத்தனை இப்படிப் பிறந்தவையோ!

பாஸ்டன் இதைவிடச் சிக்கலான ஊர். 2000-களில் அமெரிக்காவின் வடகிழக்கில் பிஎம் 2.5 ஆண்டுக்கு இரண்டு முறை ஏறியது: கோடையில் மின்நிலையங்களிலிருந்து வரும் சல்பேட், குளிர்காலத்தில் வெப்பமூட்டும் எரிபொருளும் கீழிறங்கிய காற்றடுக்கும். 26 வாரச் சுழற்சி என்றால் கணக்குத் தலைகீழாகிறது. முதலும் மூன்றாவதும் ஒரே கட்டத்தில் ஓடும். இரண்டாவது அவற்றுக்கு எதிராக ஓடும். அதே உயிரியல் உண்மை டெல்லியில் முதல் மும்மாதத்தின் குறியையும், பாஸ்டனில் இரண்டாம் மும்மாதத்தின் குறியையும் புரட்டிப்போடும். இரண்டு ஊர்களின் முடிவுகள் முரண்படும்போது மரபணு, உணவு, துகளின் வேதியியல் என்று காரணம் தேடிப் போகுமுன் இரண்டு ஊர்களின் பருவ வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

மூன்று சராசரிகளையும் ஒரே மாடலில் சேர்த்துப் போட்டால் இந்தக் கோளாறு பெருமளவு தீரும், ஆனால் விலை உண்டு. ஒட்டுறவு 0.6 என்றால் திட்டப்பிழை (மதிப்பீட்டின் தடுமாற்ற அளவு) 1.25 மடங்காகும்; 0.9 என்றால் 2.3 மடங்கு. தவிர, உயிரியல் மும்மாத எல்லையை மதிப்பதில்லை. உண்மைப் பாதிப்புக்காலம் 23 முதல் 30 வாரம் வரை என்றால் அதில் நான்கு வாரம் இரண்டாம் மும்மாதத்திலும் நான்கு வாரம் மூன்றாவதிலும் விழுந்து, இரண்டு பக்கமும் நீர்த்துப்போகும்.

லேக் மாடல்: என்ன செய்கிறது, எங்கே கவிழ்கிறது

மாற்று வழி, எல்லா வாரங்களையும் ஒரே மாடலில் போடுவது. 37 வாரம், 37 கெழு. ஆனால் அடுத்தடுத்த வாரங்களின் மாசு ஒன்றோடொன்று ஒட்டி ஓடுவதால் கெழுக்கள் ஒன்று மேலே ஒன்று கீழே என்று தாறுமாறாகக் குதிக்கும். எனவே ஒரு கட்டுப்பாடு: கெழு வாரத்துக்கு வாரம் மெல்லத்தான் மாறலாம். அந்த மென்மையை, துண்டுகளை வழுவழுப்பாக இணைக்கும் ஸ்ப்லைன் வளைவு தருகிறது. இதுவே டிஸ்ட்ரிபியூட்டட் லேக் மாடல். சுருக்கமாக லேக் மாடல் என்போம்.

நடைமுறை இது. குழந்தைக்கு ஒரு வரிசை, வாரத்துக்கு ஒரு நெடுவரிசை என மாசு அணியைக் கட்டுங்கள். ‘ஆர்’ மென்பொருளின் ‘டிஎல்என்எம்’ தொகுப்பில், மாசின் விளைவு நேர்கோடு என்றும், வாரங்களின் வழியே 3 முதல் 5 வரை கட்டின்மை எண் (வளைவு எவ்வளவு நெளியலாம் என்று சொல்லும் எண்) கொண்ட இயற்கை ஸ்ப்லைன் என்றும், இரண்டையும் இணைக்கும் குறுக்கு அடித்தளம் அமைக்கலாம். கிடைக்கும் வளைவில் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கெழு, அதைச் சுற்றி 95 விழுக்காட்டு இடைவெளி. இடைவெளி பூச்சியத்தைத் தொடாத வாரங்களைத்தான் ‘பாதிப்புக்காலம்’ என்று அறிவிக்கிறார்கள்.

இங்கே முதலில் வரும் தவறு அற்பமானது, ஆனால் முடிவைத் தலைகீழாக்கும். அந்தத் தொகுப்பு முதல் நெடுவரிசையை ‘லேக் 0’ என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் கர்ப்பத்தின் முதல் வாரத்தை முதலில் வைத்தீர்களா, பிறப்புக்கு முந்தைய வாரத்தை முதலில் வைத்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. வரைபடத்தின் இடது ஓரம் எது என்று நிச்சயமில்லாமல் வாசித்தால் 8ஆம் வாரத்து விளைவு 30ஆம் வாரத்துக்குப் போய்விடும். பரிகாரம் எளிது. 10ஆம் வாரத்தில் மட்டும் விளைவு இருப்பதாக ஒரு போலி விளைவு எண்ணை உருவாக்கி, அதே நிரலில் ஓட்டுங்கள். மேடு 10-ல் வருகிறதா என்று பார்த்த பிறகே உண்மைத் தரவைத் தொடுங்கள்.

அடுத்தது கட்டின்மை எண். 3 என்றால் வளைவு மிக விறைப்பு; மூன்றே வாரத் தீங்கும் பத்து வார அகலத்துக்குப் பரவித் தெரியும். 8, 10 என்று ஏற்றினால் தீங்கு மேட்டுக்குப் பக்கத்திலேயே ‘நன்மை’ப் பள்ளம் தோன்றும். இரண்டையும் உயிரியலாக வாசிக்கக் கூடாது. கட்டின்மை எண்ணை மாற்றி மாற்றி ஓட்டி, ஜன்னல் (அந்தப் பாதிப்புக்கால வாரங்கள்) எவ்வளவு நகர்கிறது என்பதை அப்படியே பின்னிணைப்பில் காட்டுவதுதான் நேர்மை. இரு முனைகளிலும் வளைவைப் பிடித்து நிறுத்தத் தரவு ஒரு பக்கம்தான் இருக்கும்; ஆகவே கடைசி வாரங்களில் எழும் மேட்டை எப்போதும் சந்தேகத்தோடு பாருங்கள். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பாஸ்டன் கட்டுரை ஆண் குழந்தைகளின் எதிர்வினை ஏற்ற இறக்கத்துக்கு 22 முதல் 40 வாரம் என்று ஜன்னல் சொல்கிறது. 38ஆம் வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 39, 40 ஆகியவை தொட்டிலில் கழிந்தவை. இத்தகைய வாரங்களைப் பிறப்புக்குப் பிந்தைய காற்றால் நிரப்புவது, வெட்டிவிடுவது, 37-ல் எல்லோரையும் நிறுத்துவது என மூன்று வழிகளையும் ஓட்டி ஒப்பிட வேண்டும்.

வார ஜன்னலைவிட நம்பகமான எண் ஒன்று உண்டு, அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை: கர்ப்பம் முழுவதுக்குமான கூட்டு விளைவு. வாரத்துக்கு வாரம் நிலையில்லாத மதிப்பீடுகள் கூட்டும்போது ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். நல்ல அறிக்கை இதை முதல் அட்டவணையில் வைக்கும்.

ஆண் பிள்ளைக்கு மட்டும்தானா?

ஆண்களில் இடைவெளி பூச்சியத்தைத் தொடவில்லை, பெண்களில் தொட்டது. ஆகவே ஆண்களுக்கு மட்டும் பாதிப்பு. இந்த வாதம் எவ்வளவு பரவலோ அவ்வளவு தவறு. வேறுபாடு இருக்கிறதா என்றால் வேறுபாட்டைத்தான் சோதிக்க வேண்டும். சிறுவர்களில் –3 (திட்டப்பிழை 1.4), சிறுமிகளில் –1.5 (திட்டப்பிழை 1.4) என்று வந்தால் முதலாவது புள்ளியியல் ‘முக்கியத்துவம்’ பெறும், இரண்டாவது பெறாது, வேறுபாடோ 1.5, அதன் திட்டப்பிழை ஏறத்தாழ 2. ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் கவனமான வழி ஒன்று உண்டு. பேயீசிய (முடிவை நிகழ்தகவாகச் சொல்லும்) லேக் இடைவினை மாடல், விளைவை இரண்டாகப் பிரிக்கிறது: எந்த வாரங்கள் என்று சொல்லும் எடை வளைவு ஒன்று, எவ்வளவு என்று சொல்லும் அளவு ஒன்று. இரு பாலுக்கும் இரண்டும் ஒன்றே; வாரங்கள் ஒன்று, அளவு வேறு; அளவு ஒன்று, வாரங்கள் வேறு; இரண்டும் வேறு. இந்த நான்கு சாத்தியங்களுக்கும் தரவு எவ்வளவு ஆதரவு தருகிறது என்று நிகழ்தகவாக ஒப்பிடலாம். வெறும் லேக் மாடலை இரு பாலுக்கும் தனித்தனியாக ஓட்டுவதைவிட இது பல படி மேல். ஆனால் குழந்தைகளின் எண்ணிக்கைக் குறைவை எந்த மாடலும் ஈடுசெய்யாது.

கணக்கைப் பாருங்கள். 80 விழுக்காட்டு வாய்ப்போடு கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய ஒட்டுறவு, தோராயமாக 2.8-ஐக் குழந்தைகள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 267 பேருக்கு அது 0.17. ஒரு பாலுக்குச் சுமார் 130 பேர் என்றால் 0.25. ஐ.க்யூ.வின் திட்டவிலக்கம் 15 என்பதால், மாசு ஒரு திட்டவிலக்கம் கூடினால் ஐ.க்யூ. 3.7 புள்ளி சரிந்தால்தான் 130 பேர் கொண்ட தொகுதியில் அது நம்பகமாகத் தெரியும். ஐ.க்யூ. வேறுபாட்டில் 6 விழுக்காட்டை ஒரே நகரத்தின் நுண்துகள் விளக்க வேண்டும் என்று பொருள். உண்மை விளைவு 1 புள்ளிதான் என்றால், இந்த அளவு ஆய்வில் அது ‘முக்கியத்துவ’க் கோட்டைத் தாண்டும் சில தடவைகளிலும் இரண்டரை மடங்குக்கு மேல் ஊதித்தான் தாண்டும்.

அதோடு ஒன்பது விளைவுகள், இரண்டு பால், நாற்பது வாரம். 95 விழுக்காட்டு இடைவெளி ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனியே போடப்படுவது. வளைவு முழுவதுக்கும் அல்ல. மொத்த வளைவையும் ஒருசேர அடக்கும் பட்டை இதைவிட அகலமாக இருக்கும். ஆகவே இத்தகைய கட்டுரையின் ஜன்னல்களை அடுத்த ஆய்வுக்கான கருதுகோள் என்று எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிக்குச் சொல்லும் அறிவுரையாக அல்ல.

பருவகாலத்தைப் பிடித்துக் கட்டுதல்

கருத்தரித்த மாதம் மாசை மட்டுமா மாற்றுகிறது? இன்ஃப்ளுயன்சா அலை எந்த மாதத்தில் தாக்கும், தாயின் தோலில் வெயில் எவ்வளவு படும், எல்லாம் அதோடு மாறும். ஆறரை வயதில் சோதனை என்பதால் இன்னொன்று: பள்ளிச் சேர்க்கைக்கான வயது வரம்புத் தேதிக்கு முன்னால் பிறந்த குழந்தை, பின்னால் பிறந்ததைவிட ஒரு வகுப்பு கூடுதலாகப் படித்திருக்கும். ஐ.க்யூ. மதிப்பெண் வயதுக்குச் சரிக்கட்டப்பட்டதுதான். படித்த வகுப்புக்கு அல்ல. பிறந்த மாதம் மாசோடும் ஒட்டி, வகுப்போடும் ஒட்டி நிற்கும்போது, மூன்றாம் மும்மாதத்து ‘விளைவு’ பள்ளிப் படிப்பின் விளைவாக இருக்கலாம்.

கருத்தரித்த தேதியை 52 வாரச் சுழற்சிக்கு ஒரு சைன்–கோசைன் இணை, 26 வாரத்துக்கு இன்னொன்று என மாடலில் சேர்க்க வேண்டும். ஆண்டுப் போக்குக்கும் ஓர் உறுப்பு வேண்டும். அமெரிக்காவில் அந்த ஆண்டுகளில் நுண்துகள் குறைந்துகொண்டே வந்தது, சோதனை எடுத்தவர்களும் அனுபவம் கூடி மாறியிருப்பார்கள். இதற்கும் விலை உண்டு: பருவகாலத்தைக் கழித்துவிட்டால் மாசின் வேறுபாட்டில் பெரும்பகுதி போய்விடும், இடைவெளி அகலும். அகலட்டும். பருவகாலத்தைக் கழித்ததும் காணாமற்போகிற முடிவு, அதைக் கழிக்காதபோதும் மாசைப் பற்றிய முடிவாக இருந்ததில்லை.

சரிக்கட்டக் கூடாதவையும் உண்டு. பிறப்பு எடையைக் குழப்பக் காரணியாக (மாசோடும் விளைவோடும் தொடர்புடைய வெளிக்காரணமாக) கருதி மாடலில் போடுவது அடிக்கடி நடக்கிறது. மாசு பிறப்பு எடையைக் குறைக்க, அந்தக் குறைவு குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம். அந்த வழியை அடைத்துவிட்டால் மாசின் முழு விளைவு கிடைக்காது. நிறைமாதக் குழந்தைகளை மட்டும் சேர்ப்பதிலும் இதே வகைச் சிக்கல். வாரங்களை ஒரே நீளத்துக்குக் கொண்டுவர அது வசதி. ஆனால் மாசு குறைப்பிரசவத்தைத் தூண்டினால், அதிகம் பாதிக்கப்பட்ட குழந்தைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாகிவிடும்.

இன்னொரு மறைவான பிழை, ஆய்வு எந்தத் தேதிகளுக்கு இடையே பிறந்தவர்களைச் சேர்க்கிறது என்பதில் இருக்கிறது. ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் என்றால், முந்தைய ஏப்ரல் வாக்கில் கருவானவர்களில் சற்று முன்னதாக டிசம்பரிலேயே பிறந்தவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். நீண்ட கர்ப்பங்கள் மட்டும் உள்ளே வரும். முடிவுத் தேதியில் இதற்கு நேர்மாறு. கருத்தரித்த தேதியை வைத்து வரம்பு போட்டால் இது தீரும்.

கடைசியாக ஒரு சோதனை, செலவில்லாதது: கருத்தரிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தையும், குழந்தையைச் சோதித்த பிறகு வந்த ஆறு மாதத்தையும் அதே மாடலில் சேர்த்து ஓட்டுங்கள். நேற்றைய ஐ.க்யூ.வை நாளைய புகை மாற்ற முடியாது. அங்கேயும் ‘ஜன்னல்’ தெரிந்தால் நீங்கள் பார்ப்பது பருவத்தையோ வட்டாரத்தையோதான்.

மற்ற ஊர்களின் சாட்சியம்

ஐரோப்பாவின் ஆறு ஆய்வுக் குழுமங்களில் 9,482 குழந்தைகளை ஒருங்கே பார்த்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை, கர்ப்பகால நைட்ரஜன் டை ஆக்சைடு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் இயக்க வளர்ச்சி 0.68 புள்ளி குறைவதாகக் கண்டது (இடைவெளி 0.11 முதல் 1.25 வரை). அறிவாற்றலுக்குத் தொடர்பு தெரியவில்லை. அந்த ஆய்வின் வேறுபாடு பெரும்பாலும் இடத்தால் வந்தது, காலத்தால் அல்ல. ஆகவே அதன் பகை பருவகாலம் இல்லை, வட்டாரத்தின் வசதி. நியூயார்க்கில் கர்ப்பிணிகளின் முதுகுப்பையில் 48 மணி நேரம் கருவி வைத்து அளந்த ஆய்வில் (2009, 249 குழந்தைகள்), பல்வளைய ஹைட்ரோகார்பன் இடைநிலை அளவான கன மீட்டருக்கு 2.26 நானோகிராமுக்கு மேல் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் ஐ.க்யூ. 4.31 புள்ளி குறைவு. மேலே போட்ட கணக்கின்படி, 250 பேர் கொண்ட ஆய்வில் தெரிய வேண்டுமென்றால் இந்த அளவு பெரிதாகத்தான் தெரிய முடியும். 9,482 பேர் கொண்ட ஆய்வின் 0.68-ஐயும் இந்த 4.31-ஐயும் அருகருகே வைத்தால், மாசுப் பொருளும் அளந்த திறனும் வேறு என்பது உண்மையே. ஆனாலும் எண்ணிக்கை கூடும்போது விளைவு சுருங்கும் போக்கு இத்துறையில் புதிதல்ல.

தமிழ்நாட்டில் செய்வதென்றால்

சென்னையைச் சுற்றி ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 1,285 தாய்–சேய் இணைகளைப் பின்தொடர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகால பிஎம் 2.5 கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைந்தது. பின்னர் இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு எரிவாயு அடுப்பு கொடுத்த ‘ஹேப்பின்’ சோதனை வந்தது. இந்தியக் களம் தமிழ்நாடு. நுண்துகள் இடைநிலை அளவு பழைய அடுப்புப் பாதியில் கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம், எரிவாயுப் பாதியில் 23.9. பிறப்பு எடை எரிவாயுப் பாதியில் ஏறத்தாழ 20 கிராம் கூடுதல், ஆனால் இடைவெளி பூச்சியத்தையும் அடக்கியது. ‘பலனில்லை’ என்று செய்தி வந்தது. சென்னைச் சரிவை எடுத்து 46.8 மைக்ரோகிராம் வேறுபாட்டில் பெருக்கிப் பாருங்கள்: 18.7 கிராம். நான்கு நாட்டுச் சராசரிக்கு ஓர் ஊரின் சரிவைப் பொருத்துவது முரட்டுக் கணக்குதான். இருந்தாலும் அந்தச் சோதனை சென்னை முடிவை மறுத்தது என்று சொல்ல இடமில்லை. மேலும் பெண்கள் சோதனைக்குள் வந்தது 9 முதல் 20 வாரத்துக்குள். முதல் மும்மாதத்துப் புகை இரு பாதிக்கும் பெரும்பாலும் ஒன்றே. தொடக்க வாரங்களில்தான் தீங்கு என்றால் அந்தச் சோதனையால் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

குழந்தை வளர்ச்சிக்கு இங்கே வார ஆய்வு செய்பவர் முதலில் கவனிக்க வேண்டியது முகவரி. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண் தாய்வீடு போய்விடுகிறாள். தலைப்பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். பதிவில் இருப்பது மணலி முகவரி, மூன்றாம் மும்மாதத்து மூச்சு தஞ்சாவூர்க் கிராமத்தில். பாஸ்டன் கட்டுரை ஐ.க்யூ.வுக்குச் சொன்ன 31–38 வாரம் சரியாக இந்த இடப்பெயர்வுக் காலத்தில் விழுகிறது. இதைத் திருத்தாமல் விட்டால் கடைசி வாரங்களின் விளைவு மங்கும், மாடல் அதை ‘பாதிப்புக்காலம் தொடக்கத்தில்தான்’ என்று வாசிக்கும். தலைப்பிரசவத்துக்கு அதிகமாகவும் அடுத்ததுக்குக் குறைவாகவும் நடப்பதால், பிறப்பு வரிசையோடு பிழையும் மாறும். மூத்த பிள்ளை–இளைய பிள்ளை ஒப்பீட்டுக்கு இது பெரிய தலைவலி.

எனவே படிவத்தில் ‘முகவரி’ என்று ஒரு கட்டம் போதாது. எந்தத் தேதியில் எங்கே போனார், எத்தனை நாள் இருந்தார், எப்போது திரும்பினார், அங்கே அடுப்பு எரிவாயுவா விறகா, சமையலறை தனியா ஒன்றா என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி வேண்டும். தாய்–சேய் நலப் பதிவில் மாதவிடாய்த் தேதியும் முதல் ஸ்கேன் தேதியும் இருக்கும்; இரண்டும் ஏழு நாளுக்கு மேல் வேறுபட்டால் எதை எடுப்பது என்ற விதியைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். கட்டின்மை எண், பருவ உறுப்புகள், முதன்மை விளைவாக ஒரே ஒரு சோதனை, இவையும் அதே தாளில்.